வடகரை வித்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகரை, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து ஆடும் கதை ஆட்டத்துக்கான உலகம். அதில் ஆட வருபவர்களும், அதை வைத்துக் கதை எழுத உட்காருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. வித்தையும் அதன் விதிகளும் கற்பனை. தெருவும் தண்ணீரும் தண்டவாளமும் நிஜம்.

வடகரைன்னா எந்த ஊர்? எதுலேருந்து எதுவரைக்கும்?

தெற்கே வால்டாக்ஸ் ரோடு, வடக்கே எண்ணூர் முகத்துவாரம், கிழக்கே கடல், மேற்கே வியாசர்பாடி, பெரம்பூர். வரைபடத்தில் இருக்கிற அதே வடசென்னைதான். இங்கே வித்தை பலிக்கும், அது ஒன்றுதான் வித்தியாசம். காசிமேட்டில் விடியுமுன் ஏலம் நடக்கும், கொருக்குப்பேட்டை கேட்டில் வண்டி நிற்கும், மழைக்குச் சுரங்கப்பாதை நிரம்பும். இதில் எதையும் மாற்றாதீர்கள். ஊரை அழகுபடுத்திவிட்டு வித்தையை நுழைத்தால் அது கோட்டை கொத்தளத்தோடு இன்னொரு ராஜா கதையாகிவிடும். அந்த வகையில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

வித்தைக்கு மொத்தம் எத்தனை மூலம்?

ஐந்து. உப்பு, கிணறு, இரும்பு, சாம்பல், குரல். வெள்ளாவியை ஆறாவதாகச் சேர்ப்பவர்கள் உண்டு. அது மூலம் இல்லை, கழுவுகிற முறை. கீழே தனியாக வருகிறது.

ஐந்துக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: வித்தையில் எதுவும் புதிதாக உண்டாகாது. ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைந்தே தீரும். அந்தக் குறைக்குப் பெயர் பாக்கி. வித்தையைக் கூப்பிட எந்தப் பொடியனும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். பாக்கி யார் தலையில் விழும் என்று பார்க்கத்தான் வருஷக்கணக்காகும்.

சரி, பாக்கி யார் தலையில் விழும்?

இதற்கு முதலில் மணலைப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டும் வேலை 1876-இல் தொடங்கியது. சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் வரைக்கும் கடல் கரையைத் தின்றுகொண்டே போயிற்று. பாறாங்கல் கொட்டித்தான் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கரை பெற்றது இன்னொரு கரை இழந்தது. வடகரையின் பாக்கிக் கணக்கு இதைப் பார்த்து வகுத்ததுதான், அதனால் இதற்கு மணல் கணக்கு என்றே பெயர்.

கரையோரம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போவதை மீனவர்கள் வன்னி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் தெண்டி. வன்னி ஓடும் மாதங்களில் நீங்கள் செய்த வித்தையின் பாக்கி உங்களுக்கு வடக்கே இருப்பவருக்குப் போகும். ஐப்பசிக்கு மேல் தெண்டி ஓடும்போது தெற்கே போகும். நீரோட்டம் திரும்புகிற புரட்டாசியில் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. விவரம் தெரிந்தவர்கள் அந்த மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள்.

எவ்வளவு தூரம் போகும் என்பது வித்தையின் அளவைப் பொறுத்தது. ஓர் ஆழாக்கு வித்தை என்றால் அடுத்த தெரு. ஒரு படி என்றால் அடுத்த பேட்டை. ஒரு மரக்கால் போட்டால் பாக்கி நேராக எண்ணூரில்தான் போய் நிற்கும். (எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால்.) ஆடி மாதம் ராயபுரத்தில் ஒருவர் படி அளவில் மீனைக் கூப்பிட்டால், தண்டையார்பேட்டைக் கரையில் யாரோ ஒருவர் வலை வெறுமனே வரும். அவருக்குக் காரணமும் தெரியாது.

முகத்துவாரத்தைத் தாண்டிப் பாக்கி போகாது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த வாய், வந்த பாக்கியையெல்லாம் உள்ளே இழுத்துக் கழியில் தங்கவைத்துவிடும். ஆகவே எண்ணூர்ப் பாத்திரத்தை எடுத்து ஆடுபவர், தான் வாங்காத கடன் மூன்று மரக்காலோடு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். இது அநியாயம் இல்லையா என்று கேட்காத ஆட்டக்காரர் கிடையாது. அநியாயம்தான். அதைத் தூக்கிவிட்டால் இந்த ஆட்டத்தில் ஆடுவதற்கு ஒன்றுமில்லை.

உப்பு வித்தைக்கு எந்த உப்பு? கடை பாக்கெட் உப்பு ஆகுமா?

ஆகாது. கல்லுப்புதான், அதுவும் கழுவாத பழுப்புக் கல்லுப்பு. உப்பளத்து உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். பாக்கெட் தூளில் கட்டி பிடிக்காமல் இருக்க ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஈரம் ஒட்டாத உப்பில் வித்தையும் ஒட்டாது.

உப்பு முடிச்சு எப்படிப் போடுறது? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க.

ஓர் ஆழாக்கு கல்லுப்பு (168 மில்லி அளவு, ஏறக்குறைய 200 கிராம்). ஒரு முழம் பழைய பருத்தித் துணி, பலமுறை துவைத்துக் கஞ்சி போனது. மூன்று முழம் பருத்தி நூல். ஒரு புது மண்சட்டி. இவ்வளவுதான் சாமான்.

கடல் வற்றி முடிந்து ஏற்றம் தொடங்கும் முதல் நாழிகைக்குள், அதாவது 24 நிமிஷத்துக்குள், வேலை முடிய வேண்டும். ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் கோட்டில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து துணியை விரியுங்கள். உப்பை மூன்று பிடியாகப் போட வேண்டும். முதல் பிடியில் எதைக் கட்டுகிறீர்களோ அதன் பெயர்: ஒரு காய்ச்சல், ஒரு வாய்ச்சண்டை, கரைக்கு வராத ஒரு படகு. இரண்டாம் பிடியில் நாள் கணக்கு. மூன்றாம் பிடியில் பாக்கியை ஏற்பவர் பெயர். முக்கால்வாசிப் பேர் மூன்றாம் பிடியை வாயைத் திறக்காமல் போடுவார்கள். பெயர் சொல்லாவிட்டால் மணல் கணக்கு தானே ஆளைத் தேடிக்கொள்ளும். தன் பெயரையே சொல்வதுதான் மரியாதை. சொல்கிறவர்கள் குறைவு.

துணியின் நாலு முனையையும் சேர்த்து வலப்பக்கமாக ஏழு முறுக்கு. அதன்மேல் நூலைச் சுற்றி வலை பின்னுகிற முடிச்சுப் போடுங்கள், சுருக்கு முடிச்சு வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் உத்திரத்திலோ மரச்சட்டத்திலோ தொங்கவிட்டு, நேர் கீழே சட்டியை வையுங்கள். மூன்று நாளுக்குள் முதல் சொட்டு விழுந்தால் வித்தை பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஒவ்வொரு சொட்டும் வட்டி. துணி காலியானதும் வித்தை முடிந்தது. கோடையில் ஓர் ஆழாக்கு ஒரு மண்டலம், 48 நாள் தாங்கும். அடைமழைக் காலத்தில் இருபது நாள் தாங்கினால் பெரிது.

சட்டியில் சேர்ந்த தண்ணீரைக் கடலிலேயே ஊற்ற வேண்டும். வாசலில் ஊற்றிவிட்டுப் பிறகு செடி கருகிப்போச்சு என்று வருபவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். மூணாம் நாளே அவுந்துபோச்சு, ஏன்?

முதல் சந்தேகம் நூல்மேல். இப்போது கரையில் கிடைப்பதெல்லாம் நைலான் நூல். நைலான் பருத்தி அளவுக்கு ஈரத்தைக் குடிக்காது, முடிச்சு வழுக்கி அவிழும். அடுத்தது, ஆணியில் மாட்டியிருப்பீர்கள். இரும்பும் உப்பும் சேர்ந்தால் துருதான் மிஞ்சும், வித்தையிலும் அப்படியே. சிலர் சொட்டுகிறதே என்று பிளாஸ்டிக் கவர் கட்டிவிடுகிறார்கள். வட்டி கட்ட வழியை அடைத்தால் முதல் எப்படி நிற்கும்?

இவை எதுவும் இல்லையென்றால் நேரத்தில் தப்பு. கடல் ஒரே மணிக்கு ஏறாது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிஷம். நாளுக்கு இரண்டு ஏற்றம் என்பதால் தினமும் 50 நிமிஷம், பழைய கணக்கில் இரண்டு நாழிகை, தள்ளிப்போகும். நேற்று காலை 6 மணி என்று கேட்டுவைத்துக்கொண்டு இன்றும் 6 மணிக்குப் போனால் கடைசி வற்றத்தில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிது, அஷ்டமியை ஒட்டிச் சின்னது. இந்தக் கரையில் பெரிய ஏற்றமே ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது கஷ்டம், ஒரு குச்சி நட்டுப் பாருங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்துல உப்பு வித்தை செய்யலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள் கரையோரம் போய்வரும். வித்தைக்கும் அதே விதிதான். ஓர் ஆழாக்குக்கு உட்பட்டதைச் செய்யலாம். அதற்கு மேல் கேட்டால் கடல் கொடுக்கும், ஆனால் வரப்போகிற வருஷத்துக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

கிணத்து வித்தைக்கு எந்தக் கிணறு வேணும்னாலும் ஆகுமா?

ஏழுகிணறு மட்டும். கோட்டைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக 1772-இல் அமைத்த கிணறுகள் அவை. பெயர் இன்றும் தெருவுக்கும் பேட்டைக்கும் நிற்கிறது. வடகரையில் அந்த ஏழும் மறப்பதில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர் காதில் விழுந்த எதுவும் அதற்குத் தெரியும். குடிக்காதவர் விஷயம் தெரியாது.

முதல் ஆள் தண்ணீர் இறைக்குமுன் போக வேண்டும். பித்தளைச் சொம்பு, கயிறு தேங்காய் நாராக இருக்கட்டும். இறைத்த சொம்பைத் தரையில் வைக்காமல் கையிலேயே ஏந்தி, அலை அடங்கியதும் ஒரே ஒரு கேள்வி. கேள்வியில் வருஷம் இருந்தாக வேண்டும். “ஆயா, தொண்ணூத்தி ஆறுல அந்த வீட்டு வாசல்ல யார் நின்னது?” என்று கேட்கலாம். “யார் தப்பு?” என்று கேட்டால் தண்ணீர் கலங்கிவிடும். கிணறு பார்த்ததைச் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. ஆயா என்று கூப்பிடுவது ஒப்புக்கு அல்ல. மரியாதை குறைந்தால் பழைய சங்கதியை விட்டுவிட்டு உங்கள் சங்கதியைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிடும், தெருவுக்கே கேட்கும்.

இதில் பாக்கி வெளியே போகாது. எவ்வளவு நேரத்து நினைவைக் கேட்டு வாங்கினீர்களோ அவ்வளவு நேரத்து நினைவு உங்களிடமிருந்து போய்விடும். எது போகும் என்று தேர்ந்தெடுக்க முடியாது.

லாரித் தண்ணி? கேன் தண்ணி?

லாரித் தண்ணீரில் பல ஏரித் தண்ணீர் கலந்திருக்கிறது. கேட்டால் சந்தைக்கடை மாதிரி ஒரே இரைச்சல், ஒரு சொல்லும் பிடிபடாது. கேன் தண்ணீர் வடிகட்டின ஊமை. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் தொடங்கியது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனோடு. அதிலிருந்து வரும் தண்ணீருக்கு நினைவே கிடையாது, ஆனால் அதை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம்: கிணற்றில் நினைவைப் பறிகொடுத்தவர்கள் அதைக் குடித்தால் எதை மறந்தோம் என்ற அரிப்பு நிற்கும்.

மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் உள்ளே வந்துவிட்டது. அந்தக் கிணறுகளில் உப்பும் நினைவும் ஒன்றையொன்று தின்னும். எந்த வித்தைக்கும் உதவாது.

இரும்பு வித்தை ஏன் ராயபுரத்துக்காரங்களுக்கே சொந்தம் மாதிரி பேசுறாங்க?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது, வாலாஜா ரோடு வரைக்கும். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் வேண்டாம்.

இரும்பு வாக்கைக் கட்டும். இரண்டு பேர் ஒரே இரும்புத் துண்டின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல் மாறாது. துண்டின் நீளம் 1676 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே உள்ள இடைவெளி அது. ஆட்டத்துக்காக யாரும் நிஜத் தண்டவாளத்தில் போய் நிற்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் அளந்து வெட்டித் தருவார்கள்.

தப்பு நடப்பதெல்லாம் நேரத்தில்தான். இரும்பு வெயிலில் நீளும். 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் நாலரை மில்லிமீட்டர் நீளும், அதற்காகத்தான் பழைய பாதைகளில் இணைப்புக்கு இணைப்பு இடைவெளி விடுவார்கள். விடியற்காலை, இரும்பு குறுகி இருக்கும்போது வாக்குக் கொடுங்கள். வெயில் ஏற ஏற இறுகும். உச்சி வெயிலில் கொடுத்த வாக்கு ராத்திரி குளிர்ந்ததும் இடைவெளி விடும், அந்த இடைவெளி வழியாக ஆள் நழுவிவிடுவார். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் தடவாவிட்டால் கடற்காற்றில் துரு ஏறி வாக்கு பொடிப்பொடியாக உதிரும்.

விபூதியும் சாம்பல்தானே? அதை வெச்சுச் செய்யலாமா?

விபூதி சாணத்துச் சாம்பல். அதற்கு உரிமைக்காரர் உண்டு, இந்த ஆட்டத்தில் அதைத் தொடுவதில்லை. இங்கே சாம்பல் என்பது அனல்மின் நிலையத்துச் சாம்பல். இந்திய நிலக்கரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். எரித்த பிறகு அது எங்கேயாவது போயாக வேண்டும், எண்ணூர்ப் பக்கம் குளம் குளமாகக் கிடக்கிறது.

ஐந்தில் இதுதான் சல்லிசு, இதுதான் மோசம். ஒரு பிடி சாம்பலைத் தூவினால் ஒரு வீடு ஒரு நாள் முழுக்க யார் கண்ணிலும் படாது. ஒரு மரக்காலுக்கு ஒரு குப்பமே வரைபடத்திலிருந்து மறையும். சொந்தக்காரர் இல்லாத பொருள் என்பதால் பாக்கி உடனே தெரியாது. அதனால்தான் புதியவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். பாக்கி நெஞ்சில் சேரும். பிடிக்கு ஒரு மூச்சு என்று ஆட்டக்காரர் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள், நூறு ஆனதும் பாத்திரத்துக்கு மாடிப்படி ஏற முடியாது. தூவும்போது சாம்பல் ஈரமாக இருக்கட்டும். காய்ந்ததைத் தூவினால் காற்று பக்கத்து வீட்டையும் சேர்த்து மறைத்துவிடும், அந்த வீட்டுக்காரர்கள் கேட்கவே இல்லை.

குரல் வித்தைன்னா கானா பாடுறதா? செத்தவங்களை எழுப்ப முடியுமா?

எழுப்ப முடியாது. திரும்பிப் பார்க்க வைக்கலாம், ஒரு தடவை.

சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுகிற கானாதான் இதற்கு அடிப்படை. டோலக் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பெஞ்சு போதும். பாடுகிறவர் இறந்தவரை முறை வைத்துக் கூப்பிட வேண்டும். நைனா, யம்மா, யண்ணா, எது வாழ்நாளில் கூப்பிட்டதோ அது. புகழ்ந்தே பாடினால் யாரும் திரும்ப மாட்டார்கள், செத்தவருக்கே அது தன்னைப் பற்றியதுதானா என்று சந்தேகம் வந்துவிடும். குடித்தது, கடன் சொன்னது, சீட்டுப் பணத்தைத் தொலைத்தது எல்லாம் வரிசையாக வர வேண்டும். கடைசியில் தினமும் வீட்டில் சொல்கிற ஒரு சாதாரணச் சொல். “எய்ந்திரு நைனா, டீ ஆறுது.” அந்த இடத்தில் தாளத்தை நிறுத்துங்கள். மூன்று மூச்சு நேரம் யாரும் பேசக்கூடாது. அந்த மூன்று மூச்சில்தான் திரும்பிப் பார்ப்பார்.

இதன் பாக்கி முழுக்கப் பாடகர் தொண்டைக்கு. மறுநாள் குரல் வராது, ஏழாவது தடவைக்கு மேல் வரவே வராது. கிணற்றைப் போலவே இதையும் அடுத்தவர் தலையில் கட்ட முடியாது, அதனால் பணம் இருப்பவர்கள் இதைக் கற்பதில்லை. ஆள் வைத்துப் பாடவைப்பார்கள்.

ரெண்டு மூலத்தைக் கலக்கலாமா?

இரும்பும் குரலும் சேரும். பாடிக் கொடுத்த வாக்கு இரட்டிப்பாக நிற்கும். உப்போடு இரும்பு வேண்டாம், கிணற்றோடு உப்பு வேண்டாம். சாம்பலை எதோடும் கலக்காதீர்கள்.

வெள்ளாவி எதுக்கு?

யாரோ போட்ட வித்தை துணியில் ஏறிவிட்டால் கழுவி எடுக்க. கம்பெனி காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர். வடகரையில் அங்கே உள்ள பழைய கைகளுக்குத்தான் இது வரும்.

துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, கொதிக்கும் அண்டாவின் வாய்மேல் வட்டமாக அடுக்கி மூடி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவிட வேண்டும். விடிந்ததும் கல்லில் அடித்து அலசி வெயிலில் காயப்போட்டால் முடிந்தது. அடுக்கும்போது வித்தை ஏறிய துணி நடுவில் இருக்கட்டும், அடியில் இருந்தால் கறை மேலே உள்ள எல்லாத் துணிக்கும் ஏறும். நெருப்பு நடுவில் அணைந்தால் வித்தை பாதி வெந்தபடி நின்றுவிடும். அதை இரண்டாம் தடவை எடுக்க முடியாது, துணியைக் கொளுத்த வேண்டியதுதான்.

அடையாறு, மயிலாப்பூர்ப் பாத்திரம் வெச்சு ஆடலாமா?

ஆடலாம், வால்டாக்ஸ் ரோட்டைத் தாண்டியதும் வித்தை அற்றுப்போகும். பழைய கறுப்பர் நகரத்துக்கு மதில் கட்டின செலவை வரியாக வாங்க நினைத்ததில் வந்த பெயர் அது. மதிலின் மிச்சத்தை ராயபுரத்து மாடிப் பூங்காவில் பார்க்கலாம். தெற்கே இருந்து வருபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: பாக்கி அவர்கள் பெயரில் எழுதப்படாது. அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று பார்ப்பது சுவாரசியமாகத்தான் இருக்கும்.

பாக்கி தீர்ந்துச்சான்னு எப்படித் தெரியும்?

பேய்க்கரும்பு, அதாவது கசக்கிற காட்டுக் கரும்பு, ஒரு துண்டு வேண்டும். பட்டினத்தார் கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராகப் போனார், அது இனித்த இடம் திருவொற்றியூர், அங்கேயே அடங்கினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. சமாதி கடற்கரையை ஒட்டி இருக்கிறது. வடகரையில் சோதனையும் அதே ஊரில்தான்.

கரும்பைச் சாண் நீளத்துக்கு வெட்டி, சூரியன் உதித்ததும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று நுனியைக் கடியுங்கள். கசந்தால் பாக்கி உங்கள் பெயரில் நிற்கிறது. சப்பென்று இருந்தால் யாரோ உங்களுக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், யார் என்று போய் விசாரியுங்கள். இனித்தால் தீர்ந்தது. துப்பிய சக்கையை அங்கேயே போட்டுவிட்டு வராமல் கையோடு எடுத்து வாருங்கள்.